அம்மா பேசறத தமிழ்ல டைப் ஆக வைக்கணும், வாய்ஸ் டைப்பிங் பாதில நிக்குது, விஸ்பர் ஒரே வரிய நாப்பது தடவ எழுதுது, உதவி பண்ணுங்க

மேலூர்மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. எங்கம்மாவுக்கு 72 வயசு, கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ராத்திரி மாட்டு வண்டில போயி பிரசவம் பாத்தது, மழைல கம்மா ஒடஞ்சப்ப ஒரு புள்ளத்தாச்சிய கட்டில்லயே தூக்கிட்டு வந்ததுன்னு அவங்ககிட்ட அவ்ளோ கதை இருக்கு. ஒரு நோட்டு நிறைய எழுதி வெச்சாங்க, இப்ப ரெண்டு வருஷமா கை நடுக்கம் வந்து பேனா பிடிக்க முடியல. பேசினா அதுவே டைப் ஆகுற மாதிரி பண்ணிக் குடுக்கலாம்னு இறங்கினேன், மூணு வாரமா ஒண்ணும் உருப்படியா வரல.

லேப்டாப் ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. மொதல்ல விண்டோஸ் கீயும் ஹெச்சும் சேத்து அமுக்கிப் பாத்தேன், தமிழே காட்டல. அப்புறம் கூகுள் டாக்ஸ்ல வாய்ஸ் டைப்பிங், அது தமிழ் எடுக்குது, ஆனா அம்மா யோசிச்சு யோசிச்சு பேசுவாங்க, கொஞ்சம் நிறுத்தினா மைக் ஆஃப் ஆயிடுது, அவங்க அது தெரியாம பேசிட்டே இருப்பாங்க, பத்து நிமிஷம் பேசினதுல ரெண்டு வரிதான் இருக்கும், அதப் பாத்து "எனக்கு பேசத் தெரியல போல"ன்னு அவங்களே சொன்னது எனக்கு மனசே கேக்கல. புள்ளி கமாவும் வரல. பழைய ரெண்டு பின் ஹெட்செட் இருக்கு, லேப்டாப்புல ஒரே ஓட்டதான், மைக் எடுக்கவே இல்ல. ப்ளூடூத் ஹெட்செட்ல போட்டா கிணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி கேக்குது.

பதிவு பண்ணின பேச்ச எழுத்தாக்கற விஸ்பர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, நெட் இல்லாமயே நடக்கும்னு ஒருத்தர் சொன்னாங்க. சப்டைட்டில் எடிட்னு வீடியோவுக்கு எழுத்து போடற சாஃப்ட்வேர் ஒண்ண போட்டு அது வழியா ஓட்டினேன். மொத தடவ எல்லாம் இங்கிலீஷ்ல வந்துச்சு. அடுத்த தடவ தமிழ்ல வந்துச்சு, ஆனா நாலாவது நிமிஷத்துலருந்து "அப்புறம் நாங்க போனோம்"னு ஒரே வரி நாப்பது தடவ. போன்ல பதிவு பண்ணின ஆடியோ மொத்தம் 12 மணி நேரம் இருக்கு. எங்க தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்க.

ஒலிப்பெட்டி

சகோதரி, மொதல்ல ஒண்ணு, அம்மாகிட்ட அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிடுங்க. நேரா டைப் பண்ற வாய்ஸ் டைப்பிங் வேற, பதிவு பண்ணின ஆடியோவ அப்புறமா எழுத்தாக்கறது வேற. முதலாவது நிறுத்தாம வேகமா பேசறவங்களுக்கு செட் ஆகும். அம்மாவுக்கு ரெண்டாவதுதான். அவங்க இஷ்டத்துக்கு பேசட்டும், நிறுத்தட்டும், தண்ணி குடிக்கட்டும், ஸ்கிரீனையே பாக்க வேணாம்.

விண்டோஸ் 10ல இருந்த டிக்டேஷன்ல தமிழ் கிடையாது. விண்டோஸ் 11ல அதே ரெண்டு கீய அமுக்கினா வர வாய்ஸ் டைப்பிங்ல தமிழ் இருக்கு. உங்க ப்ராசசர் எட்டாவது ஜெனரேஷன்ங்கறதால 11 ஏத்துக்கும், 10க்கு சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதனால எப்படியும் மாத்திக்கங்க. ஆனா இதுவும் நெட் வேணும்ங்கற வகைதான், கூகுள் டாக்ஸ் மாதிரியே. டாக்ஸ்ல "கமா", "புள்ளி"ன்னு சொல்லி வர வைக்கறது இங்கிலீஷ், ஜெர்மன், ஃப்ரெஞ்சு மாதிரி சில மொழிக்குதான், தமிழுக்கு இல்ல. அதுல நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல.

ஹெட்செட் விஷயம்: லேப்டாப்புல இருக்கற ஒத்த ஓட்ட மூணு கருப்பு வளையம் போட்டு நாலு பகுதியா பிரிஞ்சிருக்கற பின்னுக்கானது, போன் ஹெட்செட்ல வருமே அது. உங்களோடது மைக்குக்கு ஒரு பின், ஸ்பீக்கருக்கு ஒரு பின், ஒவ்வொண்ணுலயும் மூணு பகுதிதான், அதான் மைக் போய்ச் சேரல. ரெண்டையும் ஒண்ணாக்கற ஒய் கனெக்டர் கடைல கேளுங்க, இல்லன்னா யூஎஸ்பி சவுண்ட் கார்டு சின்னதா ஒண்ணு கிடைக்கும். ப்ளூடூத்துல மைக்க ஆன் பண்ணின உடனே அது போன் கால் மோடுக்கு மாறிடும், அந்த மோடுல குரல் 8 இல்ல 16 கிலோஹெர்ட்ஸ்தான், அதனாலதான் கிணத்து சத்தம். அத விட்டுடுங்க.

கீரனூர்க்காரி

அக்கா நான் எங்க தாத்தா பேச்ச இப்படித்தான் எழுத்தாக்கினேன், அதனால சொல்றேன், சாஃப்ட்வேர விட சத்தம்தான் முக்கியம். போன்லயே பதிவு பண்ணுங்க போதும், ஆனா போன மேசை மேல வைக்காதீங்க, மேசை அதிர்றது எல்லாம் உள்ள வரும், ஒரு மடிச்ச துண்டு மேல வெச்சு அம்மா வாய்லருந்து ஒரு சாண் தூரத்துல, நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க, அப்பதான் மூச்சுக் காத்து அடிக்காது. ஃபேன நிறுத்திடுங்க. வெயில் காலம்னா காலைல அஞ்சரைக்கு பதிவு பண்ணுங்க, நாங்க அப்படித்தான் பண்ணினோம், தாத்தாவும் அந்த நேரத்துலதான் நல்லா பேசுவாரு. ஒரே அடியா ஒரு மணி நேரம் வேணாம், ஒரு கதைக்கு ஒரு ஃபைல்.

ஏற்கனவே எடுத்ததுல ஃபேன் சத்தம் இருந்தா ஆடாசிட்டின்னு ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல நாய்ஸ் ரிடக்ஷன் கொஞ்சமா போடுங்க, ரொம்ப போட்டா மெய்யெழுத்து எல்லாம் தேஞ்சு போயி விஸ்பருக்கு இன்னும் குழப்பம் ஆகும். அம்மா குரல் கம்மியா கேட்டா, அத ஏத்திக் குடுக்கற நார்மலைஸ் மட்டும் பண்ணினாலே போதும். ஒரிஜினல் ஃபைல தொடாம ஒரு காப்பி வெச்சுக்கங்க, இத மட்டும் மறக்காதீங்க.

ஒலிப்பெட்டி

ஆமா, கீரனூர்க்காரி சொன்னதுல ஒண்ணும் விடக் கூடாது. இப்ப விஸ்பருக்கு வரேன். இது ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பர்ல வெளியிட்டது, 6,80,000 மணி நேர ஆடியோ வெச்சு பழக்கினது, ஆனா அதுல பெரும்பகுதி இங்கிலீஷ், தமிழ் அதுல ரொம்ப சின்ன பங்கு. அதனால இங்கிலீஷுக்கு சின்ன மாடலே போதும்னு எழுதி இருக்கறத நம்பி தமிழுக்கு டைனி, பேஸ்னு இருக்கற சின்ன அளவு மாடல போட்டா வெறும் கூளமாதான் வரும். தமிழுக்கு அத விட பெரிய மீடியம், முடிஞ்சா லார்ஜ். பேருக்குப் பின்னாடி இஎன்னு ரெண்டு எழுத்து இருக்கற மாடல் இங்கிலீஷுக்கு மட்டும், அத எடுத்துடாதீங்க.

இங்கிலீஷ்ல வந்ததுக்கு காரணம், சப்டைட்டில் எடிட்ல விஸ்பர ஓட்டற விண்டோலயே "ட்ரான்ஸ்லேட் டு இங்கிலீஷ்"னு ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருக்கும். எடுத்துடுங்க, மொழிய ஆட்டோல விடாம தமிழ்னு நீங்களே தேர்ந்தெடுங்க, ஆட்டோல மொத 30 நொடிய வெச்சுதான் மொழிய முடிவு பண்ணும், அந்த 30 நொடில அம்மா தொண்டைய கனைச்சிட்டு இருந்தா வேற ஏதாவது மொழின்னு நெனச்சுக்கும்.

ஒரே வரி திரும்ப வரது இதோட பழைய வியாதி. ஆடியோவ 30 நொடி 30 நொடியா வெட்டி எடுக்கும், அடுத்த துண்ட எழுதறப்ப முன்ன எழுதினதப் பாத்துக்கிட்டே எழுதும். நடுவுல அம்மா யோசிச்சு நிறுத்தின இடத்துல பேச்சே இல்ல, ஆனா அதுக்கு சும்மா இருக்கத் தெரியாது, முந்தின வரிய திரும்ப எழுதும், அடுத்த துண்டு அதப் பாத்து இன்னொரு தடவ, அப்படியே மாட்டிக்கும். இதுக்கு ரெண்டு வேலை பண்ணணும். அதே விண்டோல எஞ்சின் லிஸ்ட்ல பர்ஃப்வியூ ஃபாஸ்டர் விஸ்பர்ங்கற வகைய எடுங்க, அதுல பேச்சு இல்லாத இடத்த கண்டுபிடிச்சு தள்ளிடற விஏடி ஃபில்டர் இருக்கு. அப்புறம் அட்வான்ஸ்டுல போயி கண்டிஷன் ஆன் ப்ரீவியஸ் டெக்ஸ்ட்ங்கறத, அதாவது முன்ன எழுதினதப் பாத்து எழுதறத, ஃபால்ஸ் ஆக்குங்க. இந்த ரெண்டும் பண்ணினா நாப்பது தடவ வரது நின்னுடும்னு நெனக்கறேன்.

நல்லூரான்

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட அம்மம்மாவின்ர கதையளையும் இப்பிடித்தான் எழுதினனான். கூகுள் டாக்ஸில தமிழ் எண்டு தேடினா இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எண்டு நாலு இருக்கும், உங்களுக்கு இந்தியாதான், மாறி எடுத்திருக்கிறீங்களோ எண்டு ஒருக்கா பாருங்கோ. இன்னொண்டு, விஸ்பர் பேச்சுத் தமிழை தானா திருத்தி எழுதிப் போடும். அம்மம்மா "வந்திட்டினம்" எண்டு சொல்ல அது "வந்துவிட்டனர்" எண்டு எழுதினது. அவ சொன்ன மாதிரியே வேணும் எண்டால் திரும்பக் கேட்டு கையாலதான் திருத்த வேணும். அந்த நேரத்தை முதலே கணக்கில வையுங்கோ.

மேலூர்மகள்

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. டிக் விழுந்திருந்தது உண்மைதான், எடுத்துட்டேன். மீடியம் மாடல் ஒன்ற ஜிபி, அத இறக்கவே ஒரு ராத்திரி ஆச்சு. ஃபேன நிறுத்தி காலைல புதுசா எட்டு நிமிஷம் பதிவு பண்ணினோம், விஏடியோட ஓட்டினேன், ஒரு வரி கூட திரும்ப வரல!! ஆனா எட்டு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட அரை மணி நேரம் எடுத்துச்சு, இது சரிதானா இல்ல நான் ஏதாவது தப்பா வெச்சிருக்கேனா? அப்புறம் அம்மா தொழில் சம்பந்தமா சொல்ற வார்த்தை எல்லாம் தப்பா வருது. சீம்பால்னு சொன்னா "சேம் பால்", பனிக்குடம்னு சொன்னா "பண்ணி குடம்"னு வருது, அம்மாவுக்கு அதப் பாத்து ரொம்ப சங்கடமா போச்சு.

ஒலிப்பெட்டி

நேரம் சரிதான், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம இவ்ளோதான். தமிழ் எழுத்த அது முழு எழுத்தா எடுக்காது, துண்டு துண்டா ஒடச்சு ஒடச்சுதான் எழுதும், அதனால அதே 30 நொடி இங்கிலீஷ விட தமிழுக்கு அதிக நேரம் பிடிக்கும். ராத்திரி சார்ஜர்ல போட்டு ஸ்லீப் ஆகாம செட் பண்ணிட்டு தூங்குங்க, 12 மணி நேர ஆடியோ பத்து நாள்ல முடிஞ்சுடும். லேப்டாப்ப மெத்தை மேல வைக்காதீங்க, சூடு ஏறும்.

வார்த்தைக்கு ஒரு வழி இருக்கு. இனிஷியல் ப்ராம்ப்ட்னு ஒரு இடம் இருக்கும், அதுல சீம்பால், பனிக்குடம், தொப்புள்கொடி, பேறுகாலம்னு அம்மா அடிக்கடி சொல்றத ஒரு சின்ன வாக்கியமா எழுதிக் குடுங்க. ரொம்ப எழுதினா உள்ள போகாது, தமிழ்ல இடம் சீக்கிரம் தீந்துடும், பத்து பதினஞ்சு வார்த்தை போதும். முந்தின வரிய பாக்கறத நிறுத்திட்டதால இந்த லிஸ்டு மொத துண்டுக்குதான் நேரா உதவும், அதனாலயும் ஒரு கதைக்கு ஒரு சின்ன ஃபைல்ங்கறது நல்லது.

இதுல திருப்தி இல்லன்னா, ஐஐடி மெட்ராஸ் ஸ்பீச் லேப்ல தமிழுக்குன்னே கூடுதலா பழக்கின விஸ்பர் மீடியம் மாடல் ஒண்ணு ஹக்கிங் ஃபேஸ்ங்கற சைட்ல இலவசமா இருக்கு. அப்படியே போட முடியாது, ஃபாஸ்டர் விஸ்பருக்கு ஏத்த வடிவத்துக்கு மாத்தணும். மாத்தற வழிய நான் தனியா எழுதித் தரேன், பயப்பட ஒண்ணும் இல்ல.

கீரனூர்க்காரி

அக்கா, எப்படியும் தப்பா வர வார்த்தை ஒரே மாதிரிதான் தப்பா வரும். ஒரு பேப்பர்ல அந்த ஜோடிகள எழுதி வெச்சு கடைசில ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடுங்க. எனக்கு தாத்தா சொன்ன "ஏத்தம்" எல்லா எடத்துலயும் "ஏற்றம்"னு வந்துச்சு, ஒரே தடவைல மாத்தினேன். அம்மாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு நீங்க வாசிச்சுக் காட்டித் திருத்துங்க, திருத்தறப்பதான் இன்னும் பாதிக் கதை வெளிய வரும்.

மேலூர்மகள்

பதினொரு நாள் கழிச்சு எழுதறேன். ப்ராம்ப்ட்ல வார்த்தை குடுத்ததுல பனிக்குடம் சரியா வருது, சீம்பால் சில எடத்துல இன்னும் தப்பு, அத ரீப்ளேஸ்ல மாத்திட்டேன். கீரனூர்த் தங்கச்சி சொன்ன மாதிரி வாசிச்சுக் காட்டினேன். ஒரு எடத்துல "குழந்தை அழவில்லை, அதனால் முதுகில் தட்டினேன்"னு எழுதி இருந்துச்சு. அம்மா உடனே, "தட்டல, தேச்சேன், ஈரத் துணிய எடுத்துட்டு காஞ்ச துணியால முதுக தேச்சேன், தட்டினேன்னு போடாத, படிக்கற புள்ளைங்க தப்பா பழகிடும்"னாங்க. ஆடியோவ திரும்ப கேட்டா அவங்க தேச்சேன்னுதான் சொல்லி இருக்காங்க. அந்த வரிய மாத்திட்டு, பதிவு பட்டன அமுக்கி அந்தப் பிரசவத்த மறுபடி மொதல்லருந்து சொல்லச் சொன்னேன், 14 நிமிஷம் பேசினாங்க. இன்னைக்கு ராத்திரி அதத்தான் ஓட்டப் போறேன். ஒலிப்பெட்டி அண்ணா, அந்த மாடல மாத்தற வழிய அனுப்பி வைங்க, லேப்டாப்ப விண்டோஸ் 11க்கு மாத்திட்டு உக்காந்துடறேன்.