மறுமொழி: அடிக்கோட்டு அலைவா, தளக்கோட்டு மிதப்பா?

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் குழுவின் பட்டியலில் 'baseline wander' என்பதற்குத் தமிழ்ச்சொல் எது என்ற பேச்சில் தாங்கள் கேட்டது:

> இசிஜி (இதய மின்துடிப்பு) பதிவில் கோடு மெதுவாக ஏறி இறங்குவதை 'அடிக்கோட்டு அலைவு' என்றே பட்டியலில் ஏற்றிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

அந்த இரண்டு சொல்லுமே ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன ஐயா, அதனால்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இசிஜி பதிவுகளைக் கணினியில் அலசும் என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர்கள். பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய், போலிடெக்னிக்கில் ஆங்கிலம். 'சரியான விடைக்கு அடிக்கோடிடுக' என்று தேர்வுத்தாளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடிக்கோடு என்றால் எழுத்துக்குக் கீழே இழுக்கும் கோடுதான். 'அலைவு' அதைவிடச் சிக்கல். அலைவெண், அலைவீச்சு, அலைவரிசை என்று வகுப்பு முழுக்க அதே வேர். 'இந்த அலைவின் அலைவெண் என்ன' என்று நானே கேட்கும்போது, இதயத் துடிப்பைக் கேட்கிறேனா மூச்சைக் கேட்கிறேனா என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

இலங்கை நண்பர் சொன்ன 'பெயர்ச்சி' நல்ல சொல். ஆனால் பெயர்ந்தது போனதுதான், ஒரே திசை. இங்கே கோடு மூச்சோடு ஏறி மூச்சோடு இறங்குகிறது.

நான் முன்வைப்பது 'தளக்கோட்டு மிதப்பு'. இது வகுப்பில் பிறந்த சொல். ஒரு மாணவி தன் பாட்டிக்கு மூன்று மின்முனைகளை ஒட்டி மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்மரம் வெட்டிய காலத்துப் பேச்சு வந்ததும் பாட்டி நீளமாக மூச்சு இழுத்தார். திரையில் துடிப்புகள் வரிசையாக மேலே ஏறின, மூச்சு விட்டதும் இறங்கின. ஒவ்வொரு துடிப்பின் உருவமும் அப்படியே இருந்தது. 'பாட்டி, கோடு மிதக்குது, மூச்ச மெதுவா விடுங்க' என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் சொன்னதில் கணிதமும் சரியாக அமைந்திருக்கிறது. படகில் நிற்பவர் அலையோடு ஏறி இறங்கினாலும் அவர் உயரம் மாறுவதில்லை. இதயக் குறிகையின் (signal) மேல் இன்னொரு மெதுவான குறிகை கூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் 0.2 முதல் 0.33 ஹெர்ட்ஸ். துடிப்போ நிமிடத்துக்கு 60 என்றாலே 1 ஹெர்ட்ஸ். இசிஜி நிரல்களைச் சோதிக்கவென்று பொதுவில் வைத்திருக்கும் எம்ஐடி-பிஐஎச் இரைச்சல் தரவுத்தளத்தை இறக்கிப் பாருங்கள். தளக்கோட்டு மிதப்பு, தசை இரைச்சல், மின்முனை அசைவு மூன்றையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறார்கள். அவற்றில் மின்முனை அசைவை 118, 119 என்ற சுத்தமான இசிஜி பதிவுகளோடு கூட்டித்தான் சோதனைப் பதிவுகள் செய்யப்பட்டன. மூன்றையும் 'இரைச்சல்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எதற்கு எந்த வடிப்பி (filter) என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

கூட்டப்பட்டது என்று விளங்கிவிட்டால் நீக்கும் வழியும் தானே வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள மதிப்புகளின் நடுமதிப்பை வைப்பது இடைநிலை வடிப்பி. ஒரு துடிப்பில் பி அலை, கூர்மையான கியூஆர்எஸ், டி அலை என்று வரிசையாக வரும். 200 மில்லிவினாடி இடைநிலை வடிப்பி பி அலையையும் கியூஆர்எஸ் பகுதியையும் அழிக்கும். அதன்மேல் 600 மில்லிவினாடி வடிப்பி டி அலையையும் அழிக்கும். வினாடிக்கு 360 மாதிரி எடுத்த பதிவில் இவை 72, 216 மாதிரிகள். நடுவில் ஒரு மாதிரி வேண்டும், இவையோ இரட்டைப்படை எண் என்பதால் ஒன்று கூட்டி 73, 217 என்று வைத்துக்கொள்கிறோம். மிஞ்சுவது மிதப்பு மட்டும். அதை மூலப் பதிவிலிருந்து கழித்தால் போதும். 'மிதப்பைக் கழி' என்று நிரலில் குறிப்பு எழுதினால் எவருக்கும் புரிகிறது. 'அலைவைக் கழி' என்றால் எந்த அலைவை?

கவனம் தேவைப்படும் இடமும் இதுதான். மெதுவான அசைவைத் தடுத்து வேகமானதை மட்டும் விடும் உயர்கடத்து வடிப்பியின் வெட்டெல்லையை அவசரப்பட்டு 0.5 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கோடு அழகாக நேராகும், ஆனால் கியூஆர்எஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்டி பகுதி வளைந்துவிடலாம். மாரடைப்பை மருத்துவர் தேடுவது அந்தப் பகுதியில்தான். அதனால்தான் நோயறியும் பதிவுக்கு 0.05 ஹெர்ட்ஸ் என்ற வழக்கம் இருக்கிறது. கட்டம் (phase) சிதைக்காமல் முன்னும் பின்னுமாக வடித்தால் 0.67 ஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று அமெரிக்க இதயச் சங்கமே தளர்த்தியது. வேறு நாட்டு நிரலை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 60 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலுக்கு எழுதிய வடிப்பி மலேசியாவில் உதவாது, நமக்கு 50.

மிதப்பு என்றால் திமிர் என்றும் பொருள் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். 'மிதப்பு விசை' பள்ளிப் பாடநூலில் எந்தக் குழப்பமும் இல்லாமல் புழங்குகிறது. இணைப்பில்லாத மின்முனையையும் 'மிதக்கும் முனை' என்பார்களே என்பது அதைவிட வலுவான மறுப்பு. அதற்கு 'விட்டுப்போன முனை' என்றே நாங்கள் சொல்லி வருகிறோம், இரண்டும் மோதவில்லை.

'தளக்கோடு' என்ற பாதியில் நான் பிடிவாதமாக இல்லை. மலாயில் 'காரிஸ் டாசார்' என்று படித்த பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்கிறது, அதனால் வைத்தேன். 'நிலைக்கோடு' இன்னும் நன்றாக இருக்கிறது என்று மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். 'மிதப்பு' மட்டும் இருக்கட்டும் ஐயா. அடுத்த பருவத்துக்கான பயிற்சித்தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் குழுவின் கருத்து வந்தால் நல்லது.