சாலிட் பாடி (உள்ளே வெற்றிடமில்லாத கட்டை உடல்) கிட்டாரில் ஜாஸ் வாசிக்கப் போய் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பின்வரிசை எழுதியது:

நடந்து ஏழு மாதமாகிறது. இன்னும் மனத்தை விட்டு இறங்கவில்லை என்பதால் எழுதுகிறேன். நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பக்கம், படியிறங்கிப் போக வேண்டிய ஒரு சிறிய கூடத்தில் நள்ளிரவுக்குப் பிறகு ஜாம் நடக்கும்; வந்தவர்கள் முறை வைத்து மேடையேறிச் சேர்ந்து வாசிப்பார்கள். பெயர் எழுதி வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு முன் மேடையேறிய மூன்று கிட்டார்காரர்களும் வயலினில் இருப்பது போன்ற துளைகள் வெட்டிய, மேற்பலகை வளைந்த, உள்ளே வெற்றான பெரிய ஆர்ச்டாப் கிட்டார் வைத்திருந்தார்கள். என் உறையிலிருந்து வெளியே வந்ததோ வெண்ணெய் நிற டெலிகாஸ்டர், ஃபெண்டர் நிறுவனத்தின் சாலிட் பாடி. தவில் வாசிக்க அழைத்த வீட்டுக்குத் தகர டின்னோடு போய் நின்றவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸ் எடுத்தார்கள். என் முறை வந்து, முதல் சுற்றை எப்படியோ கடத்திவிட்டு இரண்டாவது சுற்றில் நுழைந்தபோது, பக்கத்தில் நின்றிருந்த எழுபது வயது மதிக்கத்தக்க டெனர் சாக்சபோன்காரர் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த என் வலக்கைக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்து, ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழைப் பத்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். பிறகு ஒன்றும் நடக்காதவர் போல நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்த மழை சட்டென்று ஓலைக் கூரைக்கு மாறியது போல் இருந்தது. பியானோக்காரர் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என் வாத்தியத்தில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அது அவமதிப்பா, அக்கறையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

குளிர்காலச் சுருதி எழுதியது:

பின்வரிசை அண்ணா, உங்களுடையதை வாசித்தபோது ரொறன்ரோவில் நான் தோற்ற ஒரு பந்தயம் நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் சாக்சபோன்காரர் போல் டெஸ்மண்டின் 'பியூர் டெஸ்மண்ட்' சுழன்றுகொண்டிருந்தது. 1974 இல் பதிவான தட்டு. அதில் கிற்றார் எங்கள் ஊர் எட் பிக்கர்ட். அவரை டெஸ்மண்டுக்குப் பரிந்துரைத்தவர் இன்னொரு கிற்றார்காரரான ஜிம் ஹோல் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அப்போது பிக்கர்டின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. கார்ட்டுகள் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒன்றின் மேலொன்று பஞ்சு போல விழுவதைக் கேட்டுவிட்டு, இது கட்டாயம் உள்ளே வெற்றான ஒரு கிப்சன் ஈஎஸ்-175 தான் என்று அடித்துச் சொன்னேன். கடைக்காரர் ஒரு கோப்பிக்குப் பந்தயம் கட்டினார். பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு பழைய சஞ்சிகையை எடுத்து விரித்தார். ஒல்லியான ஒரு மனிதர், குனிந்த தலை, மடியில் ரெலிகாஸ்ரர்.

கோப்பி வாங்கிக் கொடுத்தது எனக்கு உறுத்தவில்லை. படத்தைப் பார்த்த பிறகு ஓடிய அடுத்த பாட்டு என் காதுக்கு மெலிந்து கேட்டதுதான் உறுத்துகிறது. அதே தட்டு, அதே ஊசி, அதே கடை. ஐந்து நிமிடத்துக்கு முன் பஞ்சாக இருந்த ஒலி, பலகையைக் கண்டதும் பலகையாகிவிட்டது. பிக்கர்ட் 2019 இல் இறந்தபோது அந்தத் தட்டை மறுபடி எடுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் தந்தி எழுதியது:

இருவரும் டெலிகாஸ்டரை வைத்துக்கொண்டு எதற்காக இப்படிக் கூனிக் குறுகுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் மறுபக்கத்திலிருந்து வந்தவன். மூன்று வருடச் சேமிப்பில் ஒரு பெரிய ஹாலோ பாடி (உள்ளே வெற்றான) கிட்டார் வாங்கினேன். சென்னையில் ஒரு திருமண வரவேற்பில் பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு வாசிக்க அழைத்திருந்தார்கள். மண்டபத்து ஒலிபெருக்கிக்காரர் கேட்காமலே, வாசிப்பவருக்கான ஒலிபெருக்கியான மானிட்டரை என் முழங்காலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். மெதுவான பாட்டு ஒன்றின் கடைசிக் கார்ட்டில் ஆறாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில்) விரல் வைத்தேன். அந்த ஏ ஸ்வரம் அடங்க வேண்டியதற்குப் பதிலாக வளர ஆரம்பித்தது. கையால் தந்தியை அமுக்கினால் பெட்டி ஊளையிடுகிறது. பெட்டியை வயிற்றோடு அணைத்தால் ஊளை இன்னொரு ஸ்வரத்துக்குத் தாவுகிறது. பந்தியிலிருந்து எழுந்துவந்த ஒரு பெரியவர், கை கழுவாத கையோடு காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒலிபெருக்கியிலிருந்து வரும் அதிர்வு மெல்லிய மேற்பலகையை ஆட்டுகிறது, பலகை தந்தியை ஆட்டுகிறது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதைத் திரும்ப ஒலிபெருக்கிக்கே அனுப்புகிறது. கட்டையாக இருக்கும் உடலில் இந்தச் சுற்று எளிதில் தொடங்குவதில்லை. 1940-களின் தொடக்கத்தில் லெஸ் பால் நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டியதும் தந்தியின் ஒலி மட்டும் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காகத்தான். வெறும் கட்டையாக வாசித்தபோது ஜனங்கள் மதிக்கவில்லை என்றும், ஓர் எபிஃபோன் கிட்டாரை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டிய பிறகே கை தட்டினார்கள் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகவே குளிர்காலச் சுருதி அவர்களே, கண் பார்த்ததற்கேற்ப ஒலியை மாற்றிக் கேட்டது உங்கள் காது மட்டுமல்ல.

பின்வரிசைக்கு: அவர் செய்தது அவமதிப்புதான். யாரும் யாருடைய குமிழிலும் கை வைக்கக் கூடாது. நீங்கள் அவருடைய சாக்சபோனின் ரீடைக் கழற்றியிருந்தால் சும்மா இருந்திருப்பாரா?

ஈயப்பற்று எழுதியது:

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு நிகழ்ச்சியில் என் டெலிகாஸ்டர் மிகவும் கிரீச்சிட்டது; அன்றிரவே பிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆனால் மேலே உள்ளவர்கள் விஷயத்தின் வேரைத் தொடவில்லை. டோன் குமிழை மூன்றில் வைப்பது மட்டும் ஜாஸ் ஒலியைத் தந்துவிடாது. அது மேல் அதிர்வெண்களை ஒரு கெப்பாசிட்டர் வழியாகத் தரைக்கு இறக்கிவிடுகிறது. அளவு மீறினால் ஒலி ஈரக் கம்பளிக்குள் போய்விடும். முதலில் தந்தியை மாற்றுங்கள். வட்டக் கம்பிக்குப் பதிலாகப் பட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகளில், முதல் தந்தி 12 அளவில் (0.012 அங்குலத் தடிமன்) தொடங்கும் தொகுப்பை வாங்குங்கள். விரல் நகரும்போது எழும் கீச்சொலி அதிலேயே பெரும்பகுதி போய்விடும். அந்தத் தொகுப்பில் மூன்றாம் தந்தியும் சுற்றுத் தந்தியாக இருப்பது இன்னொரு நன்மை. பழைய பாணி டெலிகாஸ்டரின் பாலத்தில் (உடலில் தந்திகள் தங்கும் இடம்) ஆறு தந்திக்கு மூன்றே துண்டுகள்தாம் உண்டு. நான்காவதும் மூன்றாவதும் ஒரே துண்டில் உட்காருவதால், மூன்றாவது சுற்றில்லாத தந்தியாக இருந்தால் இரண்டில் ஒன்று மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகியே தீரும். தடித்த தந்திக்கு, கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தங்கும் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், கழுத்துக்குள் இருக்கும் கம்பியையும் சற்று முறுக்க வேண்டும். இவற்றைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, அடிக்கும் இடம். பாலத்துக்கு அருகே அடித்துவிட்டுக் கிட்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை. கழுத்து முடியும் இடத்தில் அடித்தால் மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே குறைந்து பிறக்கும், குமிழைத் தொட வேண்டிய தேவையே பாதி இருக்காது. ஜாஸ் கிட்டார்காரர் வெஸ் மாண்ட்கோமரி, தந்தியை மீட்டும் பிக்கையே விட்டுவிட்டுக் கட்டைவிரலால் வாசித்தார். அவர் கையில் இருந்தது கிப்சனின் பெரிய ஆர்ச்டாப்பான எல்-5 தான். ஆனாலும் அந்த மென்மையில் விரல் சதைக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவதாக, இடக்கை. ஆர்ச்டாப்பில் ஸ்வரம் பிறந்தவுடன் தானே அடங்கிவிடும். சாலிட் பாடியில் அது நின்றுகொண்டே இருக்கும். பின்னணிக்குக் கார்ட் கொடுக்கும்போது முந்தையதன் வால் அடுத்ததன் மேல் படியும். விரலைத் தந்தியிலிருந்து முழுதாக எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்திக் கார்ட்டைக் கத்தரித்துப் பழகுங்கள். இதைச் செய்யாமல் ஆயிரம் டாலருக்குப் பிக்கப் மாற்றினாலும் பயனில்லை. பிக்கர்ட் கழுத்துப் பக்கத்தில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) பொருத்தியிருந்தார் என்பதற்காக எல்லோரும் அதையே செய்கிறார்கள். அவருடைய இடக்கையை யாரும் பார்ப்பதில்லை.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது ஜி ஸ்வரத்துக்கு மிக அருகில் விழும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே எதிலும் சேராமல் நிற்கும். ஜி-யில் வாசிக்கும்வரை சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கடைசி பஸ் எழுதியது:

ஈயப்பற்று ஐயா, அனுபவத்தைக் கேட்டால் கடைத்தெருப் பட்டியலையே கொடுத்துவிட்டீர்கள். ஆனால் இடக்கையைப் பற்றிச் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

என்னுடையது சிறியது. சிங்கப்பூரில் ஒரு வாத்தியக் கடைக்குப் போய் ஜாஸ் வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும் என்றேன். அங்கிருந்த பையன் ஒரு ஜாஸ்மாஸ்டரை இறக்கி, "பெயரிலேயே இருக்கிறது, சார்" என்றான். ஃபெண்டர் 1958 இல் ஜாஸ்காரர்களை மனத்தில் வைத்தே அதை வெளியிட்டது. உட்கார்ந்து வாசிக்க வசதியாக உடலைச் சாய்த்து வெட்டி, இருண்ட ஒலிக்கென்று தனி விசையே மேலே பொருத்தியிருந்தார்கள். ஜாஸ்காரர்கள் பெரிதாகச் சீந்தவில்லை. கலிபோர்னியாவில் சர்ஃப் இசை வாசித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நான் அந்தப் பையனிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்" என்றான். எனக்கு அப்போது நான்கு கார்ட்டுகள்தாம் தெரியும். கிட்டாரைத் திரும்பக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

உடல் உள்ளே வெற்றாக இருந்தால்தான் இசை என்பவர்களுக்கு நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கட்டையான மின் மாண்டலினில் ஐந்து தந்தி கட்டிக் கமகம் கொடுத்தபோது பெட்டி எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்? பில் ஃப்ரிசெல், மைக் ஸ்டெர்ன், இப்போது ஜூலியன் லாஜ் என்று டெலிகாஸ்டர் ஏந்தியவர்கள் வரிசையாக வந்த பிறகும் நாம்தான் இன்னும் சாட்சி தேடுகிறோம்.

பின்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறாம் தந்தி அவர்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்சம் கோபமும் கடன் வாங்கிக்கொண்டு, போன வியாழக்கிழமை மறுபடி அங்கே போனேன். டோன் குமிழை வீட்டிலேயே மூன்றில் வைத்து, மேலே ஒரு சிறு துண்டு டேப்பும் ஒட்டியிருந்தேன். பெரியவர் வரவில்லை. பேஸ்காரரிடம் மெதுவாக விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, "உன்னிடமும் செய்தாரா? எல்லோரிடமும் செய்வார். போன மாதம் ஒருவர் எல்-5 கொண்டு வந்தார், அதையும் திருப்பினார்" என்றார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். என் டெலிகாஸ்டரைத் தேடி வந்த கை இல்லை என்று தெரிந்ததும் சின்னதாக ஓர் ஏமாற்றம்தான் வந்தது. என் முறை வந்தபோது டேப்பைப் பிரித்துவிட்டு ஏறினேன்.