மியூசியம் காப்பாட்சியர் என்றால் தோண்டவும் போவாரா?

நைலோரம்:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மெகேத்ரே என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறை மரப் பொம்மைகளைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. களஞ்சியத்தில் ஆட்கள் தானியம் கொட்டுகிறார்கள், கணக்கர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், எல்லாம் 4000 வருஷப் பழசு! கண்டெடுத்த ஹெர்பர்ட் வின்லாக் அங்கேயே காப்பாட்சியராக இருந்தவராம். அந்த வேலை உள்ளே உட்கார்ந்து பொருளைப் பராமரிப்பது என்றல்லவா நினைத்திருந்தேன்?

மண்வாசனை:
அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே ஆள்தான். வின்லாக் 1906இல் ஹார்வர்டு படிப்பை முடித்த கையோடு எகிப்தில் லிஷ்ட் என்ற இடத்தில் நடந்த அகழாய்வுக்குப் போய்விட்டார். மெகேத்ரே கல்லறை கிடைத்தது 1920இல், அதாவது 14 வருஷம் கழித்து. அதுவும் ஏற்கெனவே கொள்ளை போன கல்லறை, வரைபடம் போடத்தான் சுத்தம் செய்தார்கள். கற்சில்லுகள் ஒரு விரிசலுக்குள் சரிவதை வேலையாட்கள் கவனித்தார்கள், வின்லாக் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால் சின்னச் சின்ன மனிதர்கள்! கண்டதில் பாதி கெய்ரோவுக்கு, பாதி நியூயார்க்குக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இப்போது அப்படி முடியாது, கிடைப்பது எகிப்திலேயே இருக்கும், அதுதான் நியாயமும்.

சுண்ணாம்புக்கல்:
எனக்கு அவரைப் பிடித்ததே வேறொன்றுக்காக. எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் 1907 இறுதியில் ஒரு குழியில் பெரிய ஜாடிகள் கிடைத்தன. உள்ளே நேட்ரான் என்ற, உடலை உலர்த்தும் உப்புப் பைகள், கந்தல் துணி, உடைந்த பானை, விருந்தில் தின்று போட்ட எலும்பு, வாடிய பூமாலைகள், தரை கூட்டிய துடைப்பம்கூட. தோண்டப் பணம் போட்ட டேவிஸுக்கு அது குப்பை. வின்லாக் கேட்டு வாங்க, 1909இல் மியூசியத்துக்கு வந்தது. துட்டன்காமன் என்ற எகிப்திய அரசனின் உடலைப் பதப்படுத்தியபோதும் அடக்கம் செய்தபோதும் மிஞ்சியவை என்று கண்டுபிடித்து 1941இல் எழுதினார். நடுவில் 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் என்ற அகழாய்வாளர் துட்டன்காமன் கல்லறையையே திறந்துவிட்டார், வின்லாக் மியூசியத்துக்கே இயக்குநராகி 1939இல் விலகியும் விட்டார், அந்த ஜாடிகளை மட்டும் விடவில்லை.

நைலோரம்:
32 வருஷமா! பூமாலை இப்போதும் இருக்கிறதா?

சுண்ணாம்புக்கல்:
இருக்கிறது, பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் ஆலிவ் இலை, நீல மணி எல்லாம் வைத்துத் தைத்தது. அடுத்த முறை போனால் பொம்மைகளோடு அதையும் பாருங்கள். அப்புறம் எகிப்தை ஆண்ட பெண் அரசி ஹாட்ஷெப்சுட்டின் சிலைகளையும். உடைத்துப் பள்ளத்தில் கொட்டியிருந்த துண்டுகளை 1920களில் வின்லாக் குழு எடுத்து ஒட்டியது. கிட்ட நின்று பார்த்தால் ஒட்டின கோடு தெரியும்.