முதல் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரே பிக்கப் போதுமா?

கம்பிக்காரன்:
அக்கா மகன் எலக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். ஒரே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்), ஒரு வால்யூம், ஒரு டோன், ஆடாத பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்), இது போதும் என்று சொல்லியிருக்கிறேன். கிப்சன் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த லெஸ் பால் ஜூனியர் கிட்டாரும் இப்படித்தான்: தட்டையான மகோகனி உடம்பு, பிரிட்ஜ் பக்கத்தில் பி-90 என்ற ஒரு பிக்கப், இரண்டு குமிழ், விலை 99.50 டாலர். கற்றுக்கொள்பவர்களுக்காக வந்த அதையே பிறகு ராக் கலைஞர் லெஸ்லி வெஸ்ட் மேடையில் அதிர அதிர வாசித்தார். இந்த விலையில் மூன்று பிக்கப்பும் ஸ்ருதியை ஆட்டும் ட்ரெமொலோ கம்பியும் கேட்டால் எல்லாமே அரைகுறையாகத்தான் வரும்.

மேல்ஸ்தாயி:
அண்ணே, ஜூனியரை இதில் இழுக்காதீர்கள். அன்றைய 99.50 டாலர் இன்றைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். விலை கூடிய லெஸ் பால் செய்த அதே அமெரிக்கக் கலமசூ ஊர்த் தொழிற்சாலையில், நெக்கை (விரல் வைக்கும் கழுத்தை) உடம்போடு ஒட்டிச் செய்த கிட்டார் அது. வசதிகளைத்தான் குறைத்தார்கள், வேலையைக் குறைக்கவில்லை. பத்தாயிரத்துக்குள் கிடைப்பதில் முதலில் குறைவதே வேலைதான். எனக்கு வீட்டில் வாங்கித் தந்த முதல் கிட்டாரில் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) முனைகள் கையைக் கீறும், ஒரு பாட்டு முடிவதற்குள் ஸ்ருதி இறங்கிவிடும். எனக்குக் காது சரியில்லை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பையனுக்கு அந்த நிலை வேண்டாம். கொஞ்சம் பொறுத்து, நல்லதாக ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுங்கள்.

கம்பிக்காரன்:
விலைக் கணக்கு சரி. அப்படியானால் டேன்எலக்ட்ரோ கிட்டாரைப் பாருங்கள் தம்பி. மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்ற மரநார் அட்டை, லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப். அமெரிக்காவின் சியர்ஸ் விற்பனை நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில் அதை விற்றது, 1960களின் தொடக்கத்தில் கிட்டார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் (ஒலிபெருக்கி) வைத்துக்கூட. மலிவுக்கென்றே செய்த சரக்குதான். லெட் செப்பலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் டேன்எலக்ட்ரோ வாசிக்கவில்லையா?

பழையசாவி:
நான் கிட்டார் செட்அப் செய்கிறவன், அதாவது வாசிக்கத் தோதாகச் சரிசெய்கிறவன். இருவரும் நட்டை, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளத்தில் தாங்கும் சின்னத் துண்டை, மறந்துவிட்டீர்கள். இப்போது மலிவு கிட்டார்களிலும் மரத்தைக் கணினி இயந்திரம்தான் வெட்டுகிறது, உடம்பும் நெக்கும் பெரும்பாலும் ஒழுங்காகவே வருகின்றன. கை வேலையைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பது நட்டிலும் ஃப்ரெட்டிலும்தான். கடையிலேயே பார்த்துவிடலாம். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதைவிட நன்றாகத் தெரிந்தால் நட் உயரம், முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் எஃப் கார்டு பிடிக்கையில் பையன் விரல் நோகும், ஸ்ருதியும் ஏறும். ஸ்ருதி சேர்க்கச் சாவியை முறுக்கும்போது நட்டில் டிங் என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. அதில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதி சரியாகும். ஸ்ருதி நிற்காததற்கு எல்லோரும் சாவியைத் திட்டுவார்கள், பல நேரம் குற்றவாளி நட்தான்.

மேல்ஸ்தாயி:
அண்ணா, இதெல்லாம் தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும் இல்லையா? சின்ன ஊரில் பையன் யாரைத் தேடுவான்? செட்அப் கூலியையும் சேர்த்தால் பழைய நல்ல கிட்டார் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம் பிரிட்ஜ் பிக்கப் மட்டும் என்றால் சத்தம் கூர்மையாகவே இருக்கும். நம் சினிமாப் பாட்டில் வரும் மெதுவான ஆர்பெஜியோவுக்கு (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதற்கு) நெக் பக்கத்துப் பிக்கப்பின் உருண்ட நாதம் வேண்டும். அவன் வாசிக்க விரும்புவது அதைத்தான் என்றால்?

கம்பிக்காரன்:
வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, டோனைப் பாதிக்குக் கொண்டுவந்து, நெக் முடியும் இடத்தில் மீட்டிப் பாருங்கள். நெக் பிக்கப் ஆகிவிடாது, ஆனால் கூர்மை நன்றாக மழுங்கும். பிக்கப் மாற்றும் சுவிட்ச் இல்லாவிட்டால் வலது கை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். நான் ஒரே பிக்கப் என்று பிடிவாதம் பிடிப்பதே அதற்காகத்தான்.

மேல்ஸ்தாயி:
கற்கத் தொடங்கும் கைக்கு அது சீக்கிரம் வராது அண்ணே. இதில் எனக்கு உடன்பாடில்லை. அதோடு, அந்தப் பத்தாயிரத்தில் ஆம்பும் அடக்கமா?

கம்பிக்காரன்:
இல்லை. ஆம்ப் என் செலவு. பழையசாவி அண்ணன் சொன்ன நட் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்கமாட்டேன். முதல் கிட்டார் தேறாவிட்டால் அடுத்ததை எடுத்துப் பார்ப்போம். கடையில் எதுவுமே தேறவில்லையென்றால், தம்பி, உங்கள் பக்கம் பழையது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.