கோடியக்கரையில் இயற்கை விளக்க மையம்: எதை வைக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

வேதைவாசி:
வணக்கம். கோடியக்கரை சரணாலயத்துக்கு அருகே 1,500 சதுர அடியில் விளக்க மையம் திட்டமிடுகிறோம். வெளிமான், பூநாரை, பாலை மரக்காடு, உவர்நிலம் எல்லாம் இடம்பெற வேண்டும். பாடம் செய்த மான்தலை வைக்கலாமா? உவர்நீர் மீன்தொட்டி சரிவருமா?

உப்புக்காற்று:
மான்தலை வேண்டாங்க. வெளிமான் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. கொம்புக்கு ஃபைபர் வார்ப்பு, குளம்புத் தடத்துக்குப் பிளாஸ்டர் அச்சு போதும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், அதுதான் மனசில் நிற்கும்.

கட்டடத்துக்கு முதல் எதிரி உப்பு. சாதாரணத் திருகாணி துருப்பிடித்துத் தகவல் பலகை கழன்று விழும். 316 ரக எவர்சில்வர் திருகாணியே போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அதனால் தகரக் கூரை வேண்டாம், கான்கிரீட் போடுங்கள். மின்பெட்டி தரையிலிருந்து நாலடிக்கு மேல் இருக்கட்டும்.

நீர்க்காகம்:
தொட்டி வைக்கலாம். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட உவர்நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய் மீன் சாகும். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர்பம்பு கட்டாயம்.

பெரிய ஜன்னலில் மரம் பிரதிபலித்தால் பறவை மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு மறைக்காது.

வேதைவாசி:
நன்றிங்க. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் (12 அடிக்கு ஓரடி ஏற்றம்) வரைபடத்தில் சேர்த்தாச்சு.

நீர்க்காகம்:
நல்லது. வெளியே பறவைகளைப் பார்க்கும் துளை 90 செ.மீ. உயரத்திலும் ஒன்று வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு.