எர்லி டிசிஷன் போட்டால் கல்லூரி நிதியுதவி குறையுமா?

நியூஜெர்சி அப்பா:
மகள் 2026 ஃபாலில் கல்லூரி சேரவேண்டும். இங்கே பிறந்தவள், சிட்டிசன். நான் எச்-1பி (வேலை விசா), மனைவி எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). நவம்பர் 1-க்குள் எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக ஒப்பந்தம் செய்து ஒரே கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பது) போடுவதா, ஜனவரியில் ரெகுலரில் (கட்டுப்பாடில்லாத வழக்கமான சுற்று) போடுவதா? எதில் உதவி கூடுதலாகக் கிடைக்கும்? ஃபாஃப்சாவை (அமெரிக்க மத்திய அரசின் கல்வி நிதியுதவிப் படிவம்) இடம் கிடைத்தபிறகு நிரப்பலாமா?

வைகைக்கரை:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: காத்திருக்கவே வேண்டாம். ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். மத்திய அரசின் கடைசி நாள் அந்தக் கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை போகும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாநிலமும் கல்லூரியும் தனித்தனிக் கெடு வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் வழக்கமாக மார்ச் 2, இல்லினாயில் பணம் தீரும்வரைதான். வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்து பெறும் உதவி) பணமும் கல்லூரிக்கு அளவாகத்தான் வரும், பிந்தியவர்களுக்கு மிஞ்சாது.

பெற்றோரின் விசா மகளைப் பாதிக்காது, அவள் சிட்டிசன் என்பதே போதும். நீங்கள் இருவரும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால் ஃபாஃப்சாவுக்கு ஒருவர் கணக்குத் தொடங்கினால் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள நீங்களே தொடங்குங்கள். வரி விவரம் எடுக்கச் சம்மதம் கேட்கும் பக்கத்தைத் தாண்டிவிட்டால் மத்திய உதவி ஒரு டாலர்கூட வராது.

பொன்னி:
எர்லி டிசிஷன் பற்றி. தேவை முழுவதையும் (செலவில் குடும்பத்தால் கட்டமுடியாத பகுதி) ஈடுகட்டும் கல்லூரிகளில் இரண்டு சுற்றுக்கும் ஒரே கணக்குதான், தொகை குறையாது. நீங்கள் இழப்பது ஒப்பிடும் வாய்ப்பை. ரெகுலரில் நாலைந்து கல்லூரிகளின் உதவிக் கடிதங்களை வைத்துக்கொண்டு மே 1-க்குள் முடிவெடுக்கலாம், ஒன்றைக் காட்டி இன்னொன்றிடம் கேட்கவும் செய்யலாம். எர்லியில் டிசம்பர் நடுவில் ஒரே கடிதம், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறவேண்டும். தகுதி உதவித்தொகையை (வருமானத்தை அல்ல, மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தருவது) நம்பியிருக்கும் குடும்பத்துக்கு எர்லி டிசிஷன் பொருந்தாது என்பதே என் கருத்து.

உதவி போதாமல் சேரவே முடியாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் உதவிக்கு விண்ணப்பித்திருந்தால்தான் அந்தக் காரணம் செல்லும். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (சில கல்லூரிகள் தங்கள் சொந்த உதவிக்காகக் கேட்கும் இன்னொரு படிவம்) கேட்கும் கல்லூரியில் அதையும் நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பவேண்டியிருக்கும். அதற்கு முன் கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்டவேண்டியதை மதிப்பிடும் கருவி) உண்மையான எண்களைப் போடுங்கள். அந்தத் தொகையைக் கட்டமுடியாது என்றால் எர்லி டிசிஷன் போடாதீர்கள்.

வைகைக்கரை:
வருமானத்துக்கு அடிப்படை 2024 வரி. அதாவது பத்தாம் வகுப்பின் ஜனவரி முதல் பதினொன்றாம் வகுப்பின் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் பங்குகளை விற்றிருந்தால் வருமானம் வீங்கித் தெரியும். இடையில் வேலை போயிருந்தால் கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்கு ஆவணங்களோடு எழுதிக் கேளுங்கள், கணக்கை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

சொத்து மட்டும் படிவம் நிரப்பும் நாளின் நிலவரம். குடியிருக்கும் வீடும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பும் ஃபாஃப்சாவில் வராது, ஊரில் வாங்கிப்போட்ட மனை வரும். வீட்டு மதிப்பைச் சிஎஸ்எஸ் கேட்கும்.

நியூஜெர்சி அப்பா:
நன்றி. நண்பர் ஒருவரின் மகன் எச்-4. அவனுக்கும் இதே வழிதானா?

பொன்னி:
இல்லை. அவனுக்கு ஃபாஃப்சா கிடையாது, பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவன் கணக்கில்தான் சேர்க்கும். அங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காவிட்டால் நான்கு ஆண்டும் கேட்கமுடியாது என்று பல கல்லூரிகளில் விதி உண்டு. கேட்டால் இடமே கிடைக்காதோ என்று பயந்து ‘வேண்டாம்’ என்று குறிப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவற்றில் மட்டும் வெளிநாட்டு மாணவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமலே இடம் முடிவாகும். அங்கே தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.