வாக்மேனின் ஆரஞ்சுப் பொத்தான்: மறுத்தார்களா, சேர்த்தார்களா?

திருகாணி:
"புதிய பொருளின் தொடக்கக் கட்டத்தில், வருகின்ற கோரிக்கைகளையெல்லாம் மறுப்பதுதான் குழுவின் ஒரே வேலை, சோனி வாக்மேன் அதற்குச் சான்று" என்று வரைபலகை நேற்று எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். வாக்மேன் என்பது ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கான கையடக்க ஒலிநாடாக் கருவி. 1979 ஜூலையில் விற்பனைக்கு வந்த அதன் முதல் மாதிரியில் ஒலிப்பதிவு வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஓசை தணிந்து, உள்ளிருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சு காதில் விழும். எல்லாவற்றையும் மறுத்த குழுவுக்கு அந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது?

வரைபலகை:
ஐயா, நான் எழுதியது அடிப்படைத் தேர்வைப் பற்றி. சோனியின் பிரஸ்மேன் என்ற சிறு பதிவுக் கருவியை எடுத்து, பதிவையும் ஒலிபெருக்கியையும் நீக்கிவிட்டு, ஸ்டீரியோவை வைத்தார்கள். பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே எழுந்த குரலுக்கு அவர்கள் பணியவில்லை. இவ்வளவு பெரிய துணிவைப் பார்க்காமல் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே!

மூன்றாம்மாதிரி:
'தொடக்கக் கட்டம்' என்று இருவரும் சொல்வது எதுவரை? விற்பனைக்கு வந்த கருவி அதில் சேருமா?

திருகாணி:
அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பொத்தான். தனியாகப் பாட்டுக் கேட்பது அருகில் இருப்பவரைப் புறக்கணிப்பதாகும் என்று தயங்கியவர் சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா. ஹெட்போனுக்கு இரண்டு துளைகளும் அந்தப் பொத்தானும் அவருடைய அந்தத் தயக்கத்தினால் வந்தவை. உள்ளே இருந்தவர்களின் சந்தேகம் மறுக்கப்பட்டது. தலைவரின் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆகவே, எதைக் கேட்டார்கள் என்பதைவிட யார் கேட்டார் என்பதுதான் அங்கே எடைபோடப்பட்டது. கோடை விடுமுறைக்குள் கடைக்கு வர வேண்டும், மாணவர்கள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நெருக்கடிகளும் அவரிடமிருந்தே வந்தன. சில மாதங்களே இருந்ததால், புதிதாக ஒன்றைச் செய்து பார்க்காமல், ஏற்கெனவே உழைத்துத் தேறிய பிரஸ்மேனின் இயங்குபகுதியையே எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் பேரம், துறவு அல்ல. நீங்களோ கோரிக்கைப் பட்டியலைக் கிழித்துப் போடுவதையே வீரம் என்கிறீர்கள். போன மாத விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

வரைபலகை:
போன மாதம் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனவர் தாங்கள்தான். இருக்கட்டும். பின்னால் வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் நீக்கப்பட்டதா, இல்லையா? நீக்கப்பட்டது என்றால் அதைத் தொடக்கத்திலேயே மறுத்திருக்க வேண்டும் என்றுதானே பொருள்?

திருகாணி:
இல்லவே இல்லை! ஒரு கருவியை இருவர் பகிர்ந்து கேட்பார்கள் என்று எண்ணினார்கள். மக்களோ ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். விற்றுப் பார்த்த பிறகே அது தெரிந்தது. பொத்தானை வைத்ததால்தான் அது வேண்டாம் என்று அறிய முடிந்தது.

வரைபலகை:
தவறாக வைத்ததையும் ஞானமாக்கிவிட்டீர்கள். பொருளைச் செய்யாமல் கூட்டம் மட்டும் நடத்துபவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

திருகாணி:
இருபது ஆண்டுகள் பட்டறையில் நின்றவனிடம் இதைச் சொல்கிறீர்கள். மின்கலம் நீடிக்க வேண்டும், கருவி சிறுக்க வேண்டும், விலை இறங்க வேண்டும் என்று மூன்று பிரிவினர் ஒரே வாரத்தில் வந்து நின்றபோது, மூவரையும் மறுத்து அனுப்பிய மேலாளர் ஒருவரின் கீழ் வேலை பார்த்தவன் நான். அந்தக் கருவி சந்தைக்கே வரவில்லை.

மூன்றாம்மாதிரி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

வரைபலகை:
அந்த மேலாளர் சரியானதை மறுக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

திருகாணி:
ஆக, சரியானது, தவறானது என்று இப்போது பிரிக்கிறீர்கள். நேற்று 'எல்லாவற்றையும்' என்றீர்கள். பொத்தானுக்கு இன்னும் பதில் வரவில்லை.